எல்லை தாண்டிய மோட்டார்

பிரான்ஸ் தேசத்து லியோன் நகரிலிருந்து காலையில் ஒரு மோட்டார் வண்டி புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து 1980-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஃப்ரேஜுஸ் சுரங்கச் சாலை ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதனுள் பிரெஞ்சு மண்ணிலிருந்து நுழைகிறவர் வெளிச்சத்துக்கு வரும்போது இத்தாலியில் இருப்பார். இரு நாடுகளின் எல்லை மலையின் வயிற்றுக்குள்ளேயே எங்கோ கடந்துபோய்விடுகிறது. பகலுணவு வேளைக்கெல்லாம் வண்டி டூரின் நகரத் தெரு ஒன்றில் திரும்புகிறது. திரும்பும்போது, சைக்கிளில் வேலைக்குச் சென்றுகொண்டிருந்த ஒரு தொழிலாளியின் மீது மோதிவிடுகிறது. அவருடைய கால் எலும்பு முறிகிறது. மூன்று நான்கு மாதங்களுக்கு அவரால் வேலைக்குப் போக இயலாது.

இப்போது அந்தத் தொழிலாளியின் நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவருக்குப் பிரெஞ்சு மொழி தெரியாது. வண்டிக்காரர் இன்ஷூர் செய்திருக்கும் கம்பெனி பாரிஸில் இருக்கிறது. வண்டியோ ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சுரங்கத்துக்குள் புகுந்து ஊர் போய்ச் சேர்ந்துவிடும். வைத்தியச் செலவுக்கும், இழந்த கூலிக்கும் அவர் யாரிடம் போய்க் கேட்பது? பாரிஸுக்குப் போய்க் கேள் என்று சொன்னால், கேட்கவே வேண்டாம் என்று சொன்னதாகவே ஆகும்.

ஐரோப்பா கண்டத்தில் மோட்டார் ஓட்டுகிறவர்கள் எல்லை தாண்டும்போது இன்ஷூரன்ஸ் என்னவாகிறது என்ற விஷயத்தை இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே பொருத்தம். ஏனெனில், இந்த ஏற்பாடு முழுவதும் வண்டியின் சொந்தக்காரருக்காக ஏற்பட்டதன்று. அவருடைய வண்டியில் அடிபடக்கூடிய, அவர் பெயரையே அறியாத மனிதருக்காக ஏற்பட்டது.

அந்த மனிதரைத்தான் இன்ஷூரன்ஸ் பாஷையில் 'மூன்றாம் தரப்பினர்' என்கிறார்கள். மொழிபெயர்ப்பையே ஜீவனமாகக் கொண்ட நமக்கு இந்தச் சொற்றொடர் பல நாள் உறுத்திக்கொண்டிருந்தது. மூன்றாமவர் உண்டென்றால் முதலாமவரும் இரண்டாமவரும் யார் என்று வாசகர் கேட்பார் அல்லவா? பிரீமியம் கட்டுகிறவர் ஒரு தரப்பு. பிரீமியத்தை வாங்கிக்கொண்டு பொறுப்பேற்கும் கம்பெனி இன்னொரு தரப்பு. இந்த இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் எவ்வித சம்பந்தமும் இல்லாமல், தெருவில் நடந்து போனதைத் தவிர வேறொன்றும் செய்யாதவர் மூன்றாமவர். ஒப்பந்தத்தில் சேராதவருக்கு ஒப்பந்தத்தின் பலன் கிடைக்க வேண்டுமானால், அதற்குச் சட்டம் துணை நிற்க வேண்டும். பிரிட்டன் 1930-ஆம் ஆண்டிலும், ஜெர்மனி 1939-ஆம் ஆண்டிலும், பிரான்ஸ் 1958-ஆம் ஆண்டிலும் மோட்டார் வண்டிகளுக்கு இவ்வகை இன்ஷூரன்ஸைக் கட்டாயமாக்கின. இத்தாலியில் இதற்கான சட்டம் 1969-ஆம் ஆண்டில்தான் வந்தது. நம் நாட்டில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இந்த ஏற்பாடு இடம் பெற்று, 1946-ஆம் ஆண்டில் அமலுக்கு வந்தது என்பதை இங்கே குறிப்பிட்டால், நாம் இத்தாலிக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முந்திக்கொண்டது விளங்கும்.

ஆனால் சட்டம் எதுவாயினும் அது தன் நாட்டு எல்லையோடு நின்றுவிடும். பாலிஸியும் அவ்வாறே நின்றது. எல்லைக்கு அப்பால் போகிற வண்டிக்கு அந்த நாட்டுச் சட்டம் கேட்கிற காப்பு இருக்கிறதா என்பதை எல்லைச் சாவடியில் யார் அறிவார்? ஆகவே, இன்ஷூரன்ஸ் கட்டாயமாக இருந்த நாட்டுக்குள் நுழைகிற ஒவ்வொரு வண்டிக்காரரும் அங்கே புதிதாக ஒரு பாலிஸி வாங்க வேண்டியிருந்தது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்து, பாலங்களும் சாலைகளும் செப்பனிடப்பட்டு, வண்டிகள் மறுபடியும் எல்லைகளைத் தாண்டத் தொடங்கிய காலத்தில் இந்தத் தொல்லை பெரிதாகத் தெரிந்தது.

ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் ஐரோப்பியப் பொருளாதாரக் கமிஷன் ஜெனீவாவில் இருக்கிறது. அதன் சாலைப் போக்குவரத்துக் குழு 1949 ஜனவரியில் உறுப்பு நாடுகளுக்கு ஒரு சிபாரிசு செய்தது. அதன்படி ஒவ்வொரு நாட்டிலும் மோட்டார் இன்ஷூரன்ஸ் நடத்தும் கம்பெனிகள் யாவும் கூடி ஒரு பொதுக் காரியாலயம் அமைக்க வேண்டும். இதற்கு 'பீரோ' என்று பெயர். எல்லா நாட்டு பீரோக்களும் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். இந்த ஏற்பாடு 1953 ஜனவரி முதல் தேதியன்று நடைமுறைக்கு வந்தது. வண்டிக்காரர் கையில் கொடுக்கப்பட்ட அத்தாட்சிச் சீட்டு பச்சைத் தாளில் அச்சாகியிருந்தபடியால், ஏற்பாடு முழுவதற்குமே 'பச்சைச் சீட்டு முறை' என்று பெயர் நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் குடியேறுகிறவர்கள் பெறுகிற சீட்டுக்கும் அதே பெயர் வழங்குவதால் நம்மவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு. இரண்டுக்கும் நிறத்தைத் தவிர வேறு உறவு கிடையாது. 2020 ஜூலை முதல் மோட்டார் சீட்டை வெள்ளைத் தாளிலேயே அச்சிடலாம் என்று அனுமதித்துவிட்டபடியால், இப்போது பச்சை பெயரில் மட்டும் இருந்தாலும் இருக்கலாம்.

இனி, டூரின் நகரத் தொழிலாளியிடம் திரும்புவோம். அவர் பாரிஸுக்குக் கடிதம் எழுத வேண்டியதில்லை. மிலான் நகரிலுள்ள இத்தாலிய பீரோவுக்குத் தம் சொந்த மொழியில் எழுதினால் போதும். அந்த பீரோ, அடித்தது பிரெஞ்சு வண்டி என்பதை உறுதி செய்துகொண்டு, இத்தாலிய வண்டி அடித்திருந்தால் எவ்விதம் விசாரிக்குமோ அவ்விதமே, இத்தாலியச் சட்டப்படி விசாரித்து நஷ்ட ஈடு கொடுக்க ஏற்பாடு செய்யும். அயல்நாட்டுக் கம்பெனி தன் பிரதிநிதியாக இத்தாலியில் ஒருவரை முன்கூட்டியே நியமித்திருந்தால், அவரே காரியத்தைக் கவனிப்பார். கொடுத்த பணத்தையும், தன் உழைப்புக்கு ஒரு கட்டணத்தையும் பின்னர் பிரெஞ்சுக் கம்பெனியிடமிருந்து இத்தாலிய பீரோ வசூல் செய்துகொள்ளும். இரண்டு மாதங்களுக்குள் கம்பெனி கணக்கைத் தீர்க்காவிட்டால் வட்டி ஏறும். கம்பெனி கொடுக்கத் தவறினால் பிரெஞ்சு பீரோ கொடுத்தாக வேண்டும். வண்டிக்குத் தன் நாட்டில் பாலிஸியே இல்லாமற் போயிருந்தாலும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளைப் பொறுத்தவரையில், அதன் சொந்த நாட்டு பீரோ கையை விரித்துவிட முடியாது. இந்தக் கொடுக்கல் வாங்கல் எதுவும் அடிபட்டவர் காதில் விழ வேண்டிய அவசியமே இல்லை என்பதே இந்த முறையின் சிறப்பு என்று நாம் கருதுகிறோம்.

அந்தச் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தால், அதில் வண்டியின் பதிவு எண்ணும், செல்லுபடியாகும் தேதிகளும், கம்பெனியின் பெயரும் இருக்கும். அவற்றோடு, நாடுகளைக் குறிக்கும் எழுத்துக்கள் சிறு கட்டங்களில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். எந்தக் கட்டத்தின் மேல் கோடு கிழித்து அடித்திருக்கிறதோ, அந்த நாட்டில் சீட்டு செல்லாது. சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறவர்கள் பலர் இந்தக் கட்டங்களைப் படித்துப் பார்ப்பதில்லை. படிக்க வேண்டியது இதுதான்.

1972-ஆம் ஆண்டில் இன்னொரு பெரிய மாறுதல் வந்தது. ஐரோப்பியப் பொருளாதார சமூகம் அவ்வாண்டு பிறப்பித்த முதலாவது மோட்டார் இன்ஷூரன்ஸ் கட்டளை, உறுப்பு நாட்டு வண்டிகளிடம் எல்லையில் சீட்டுக் கேட்பதையே நிறுத்திவிட்டது. வண்டியின் நம்பர் பலகையே அத்தாட்சி என்றாயிற்று. ஒரு நாட்டு நம்பர் பலகையைத் தாங்கிய வண்டி செய்கிற விபத்துக்கு அந்த நாட்டு பீரோ பிணை நிற்கும் என்பது ஒப்பந்தம். 1990-ஆம் ஆண்டின் மூன்றாவது கட்டளை ஒன்றியம் முழுவதற்கும் ஒரே பிரீமியம் போதும் என்று விதித்தது. விபத்து நடந்த நாட்டில் சட்டம் கேட்கிற காப்புத் தொகை, சொந்த நாட்டில் கேட்பதைவிட அதிகமானால் அந்த அதிகத் தொகைக்கே காப்பு உண்டு. இப்போது ஒன்றியச் சட்டம் வகுத்திருக்கும் குறைந்தபட்சத் தொகை, மனிதர்களுக்கு ஏற்படும் காயத்துக்கு ஒரு விபத்துக்கு 64 லட்சத்து 50 ஆயிரம் யூரோ, அல்லது அடிபட்ட ஒவ்வொருவருக்கும் 13 லட்சம் யூரோ. சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 13 லட்சம் யூரோ.

நம்பர் பலகைக்குப் பின்னால் அரசியலும் ஒளிந்திருக்கிறது. ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டனின் வண்டிகள் 2021 ஜனவரி முதல் மறுபடியும் பச்சைச் சீட்டை எடுத்துச் செல்ல நேர்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 2-ஆம் தேதி அந்த நிபந்தனை நீங்கியது. அடுத்த மாதமே, வண்டியின் பின்புறம் ஒட்டியிருந்த 'ஜி.பி.' என்ற எழுத்துக்களை எடுத்துவிட்டு 'யு.கே.' என்று ஒட்ட வேண்டியதாயிற்று. ரஷ்யாவும் பெலாரஸும் 2023-ஆம் ஆண்டின் நடுவிலிருந்து இந்த முறைக்கு வெளியே நிற்கின்றன. துருக்கி, மொராக்கோ, துனீசியா போன்ற நாடுகள் பச்சைச் சீட்டு முறையில் சேர்ந்திருந்தாலும், அங்கே நம்பர் பலகை மட்டும் போதாது. சீட்டையே காட்ட வேண்டும்.

இதுவரை சொன்னது அடிபட்டவரைப் பற்றியது. அடித்த வண்டியின் கதி என்ன?

இங்கேதான் மிகப் பலர் ஏமாறுகிறார்கள். பச்சைச் சீட்டும் நம்பர் பலகையும் மூன்றாம் தரப்பினருக்கு மட்டுமே காப்பு. நொறுங்கிய சொந்த வண்டிக்கு ஒரு காசும் அவற்றால் வராது. அதற்குத் தனியாக, முழுக் காப்புப் பாலிஸி வேண்டும். சொந்த ஊரில் முழுக் காப்பு வைத்திருப்பவர், அது எல்லைக்கு அப்பாலும் முழுக் காப்பாகவே தொடரும் என்று நம்பிப் புறப்படுவார். பிரிட்டனில் எழுதப்படும் பாலிஸிகள் பலவற்றில், வண்டி கடல் கடந்தவுடன் காப்பு சட்டம் கேட்கிற குறைந்த அளவுக்குச் சுருங்கிவிடும். முழுக் காப்பு தொடர வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். சிலவற்றில் கூடுதல் தொகை கட்டவும் வேண்டும். இத்தனை நாட்களுக்கு மட்டும் என்ற வரம்பும் இருக்கும். 30 நாள் என்று ஒரு கம்பெனி சொல்லும். 90 நாள் என்று இன்னொன்று சொல்லும். முப்பத்தோராம் நாள் வண்டி மரத்தில் மோதினால் மரம் இருந்த இடம் எந்த நாடு என்பதுகூடப் பிறகு கேட்கப்படாது.

ஜெர்மன் பாலிஸிகளில் வேறு விதமான ஒரு கண்ணி இருக்கிறது. பூகோள ரீதியாக ஐரோப்பாவுக்குள் அடங்கிய இடங்களுக்குக் காப்பு உண்டு என்று பொதுவாக எழுதியிருப்பார்கள். சர்வ சாதாரணமான வாசகம்தான். ஆனால் துருக்கியின் இஸ்தான்புல் நகரம் பாஸ்பரஸ் ஜலசந்தியின் இரு கரைகளிலும் பரந்திருக்கிறது. ஒரு கரை ஐரோப்பா. மறு கரை ஆசியா. 1973-ஆம் ஆண்டில் திறந்த பாலத்தின் மேல் வண்டி ஓட்டிச் செல்கிறவர் சில நிமிஷங்களில் கண்டம் விட்டுக் கண்டம் பாய்ந்துவிடுகிறார். பாலிஸியின் ஷரத்து அவரோடு பாய்வதில்லை! ஜெர்மனியில் வேலை செய்துவிட்டுக் கோடை விடுமுறைக்கு அனடோலியாவிலுள்ள சொந்தக் கிராமத்துக்கு வண்டியிலேயே போகும் துருக்கியக் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் 'ஆசியப் பகுதிக்கும் சேர்த்து' என்று எழுத்தில் உறுதி பெறாமல் புறப்பட்டால், பயணத்தின் பாதித் தூரத்துக்குச் சொந்த வண்டிக்குக் காப்பு இல்லாமலே போகிறார்கள் என்று பொருள். பூகோளப் பாடத்தை இவ்வளவு கறாராகப் பரீட்சை செய்யும் தஸ்தாவேஜு வேறு உண்டோ என்று நமக்குத் தோன்றுகிறது.

வண்டிக்குள் இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னாட்களில் சில நாடுகளில், ஓட்டுகிறவருடைய மனைவி மக்களுக்கு ஏற்படும் காயத்துக்கு நஷ்ட ஈடு இல்லை என்று விலக்கி வைத்திருந்தார்கள். 1983-ஆம் ஆண்டின் கட்டளை அதை ஒழித்தது. 1990-இல், வண்டியிலிருக்கும் பிரயாணிகள் அனைவருக்கும் காப்பு என்றாயிற்று, ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் ஓட்டுகிறவர். விபத்து அவருடைய தவறாயிருந்தால், அவருடைய எலும்பு முறிவுக்கு மூன்றாம் தரப்பு இன்ஷூரன்ஸில் இடமில்லை. தனி விபத்துக் காப்போ, பிரயாண இன்ஷூரன்ஸோ வைத்திருந்தால்தான் உண்டு.

ஸ்பெயின் தேசத்தைப் பற்றிப் பழைய பிரிட்டிஷ் மோட்டார்க்காரர்கள் அச்சத்தோடு பேசுவார்கள். ஒரு காலத்தில் அங்கே விபத்தில் ஆளுக்குக் காயம் ஏற்பட்டால் வண்டியைப் பிடித்து வைப்பதும், ஓட்டியவரைக் காவலில் வைப்பதும் உண்டு. ஆகவே பிரிட்டிஷ் கம்பெனிகள் ஸ்பெயினுக்குப் போகிறவர்களுக்குப் பச்சைச் சீட்டோடு ஜாமீன் பத்திரம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தன. அந்தப் பத்திரம் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் ஸ்பானியச் சட்டத்தில் மற்றொரு விஷயத்தை இன்றும் கவனிக்க வேண்டியிருக்கிறது. அது காலக்கெடு.

விபத்து எந்த நாட்டில் நடந்ததோ அந்த நாட்டுச் சட்டப்படியே நஷ்ட ஈடு கணக்கிடப்படுவது பொது விதி. எத்தனை காலத்துக்குள் உரிமை கோர வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தைப் பொறுத்தது. ஸ்பெயினின் சிவில் சட்டத்தில் இது ஓராண்டு. இத்தாலியில் வாகன விபத்துக்கு இரண்டு ஆண்டுகள். ஜெர்மனியில் மூன்று. பிரான்ஸில் உடற்காயத்துக்குப் பத்து ஆண்டுகள். டிஜோனிலிருந்து ஸ்பெயினுக்கு விடுமுறைக்குப் போய் அடிபட்டுத் திரும்பிய ஒரு பிரெஞ்சுக்காரர், தம் நாட்டு வழக்கத்தை எண்ணி, 'கால் முழுவதும் குணமாகட்டும், பிறகு பார்த்துக்கொள்வோம்' என்று இருந்துவிட்டால், பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமற் போகக்கூடும்.

ஊர் திரும்பியவர் எங்கே கேட்பது என்பதற்கு 2000-ஆம் ஆண்டின் நான்காவது கட்டளை நல்ல வழி காட்டியது. ஒன்றியத்தில் மோட்டார் இன்ஷூரன்ஸ் நடத்தும் ஒவ்வொரு கம்பெனியும், மற்ற எல்லா உறுப்பு நாடுகளிலும் ஒரு பிரதிநிதியை வைத்திருக்க வேண்டும். அடிபட்டவர் தம் ஊரில், தம் மொழியில் அந்தப் பிரதிநிதியிடம் கோரலாம். மூன்று மாதங்களுக்குள் கம்பெனி, இன்ன தொகை தருகிறோம் என்றோ, இன்ன காரணத்தால் மறுக்கிறோம் என்றோ பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நஷ்ட ஈட்டு அமைப்பு ஒன்று தலையிடும். தம் சொந்த ஊர் நீதிமன்றத்திலேயே அயல்நாட்டுக் கம்பெனியின் மீது வழக்குத் தொடரலாம் என்று லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2007 டிசம்பரில் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் தம் ஊருடையது. சட்டம் மட்டும் விபத்து நடந்த நாட்டுடையது.

விபத்து நடந்த இடத்தில் செய்ய வேண்டியதற்கும் ஒரு பொதுப் படிவம் உண்டு. மேலே எழுதினால் அடியில் பிரதி விழும் இரட்டைத் தாள் அது. ஐரோப்பியர்கள் அதை வண்டியிலேயே வைத்திருப்பார்கள். இடப்பக்கம் ஒரு வண்டி, வலப்பக்கம் மற்ற வண்டி. நடுவில் 17 விதமான நிலைமைகள், நின்றிருந்தது, திரும்பியது, பின்னோக்கி வந்தது என்பன போல. அடியில் படம் வரைய இடம். எந்த மொழியில் அச்சாகியிருந்தாலும் கட்டங்களின் எண் ஒன்றே. ஆகவே போர்ச்சுக்கீசிய மொழித் தாளில் எட்டாவது கட்டத்தில் குறியிட்டவர், தாம் குறியிட்டது என்ன என்பதைத் தம் மொழித் தாளில் எட்டாவது கட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மொழிபெயர்ப்பாளர்களுக்கு வேலையே வைக்காத இந்தப் படிவத்தின் மீது நமக்குப் பொறாமை கலந்த மரியாதை உண்டு.

நம் நண்பர் ஒருவர் வியன்னாவில் வாடகைக்கு எடுத்த வண்டியில் புடாபெஸ்ட் சென்றபோது, பின்னால் வந்த வண்டி இடித்துவிட்டது. எதிர்க்கட்சிக்காரர் மிகுந்த பணிவோடு ஹங்கேரிய மொழித் தாளைப் பூர்த்தி செய்து நீட்டினார். நண்பரும் மரியாதைக்குக் கையெழுத்திட்டார். ஊர் திரும்பிய பின், 'பின்னோக்கி வந்தது' என்ற கட்டத்தில் நண்பருடைய வண்டியின் பக்கம் குறியிட்டிருந்தது தெரிந்தது. அந்தக் கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. ஆனால் நடந்தது இதுதான் என்று ஒப்புக்கொள்வது ஆகும். வாடகைக்காரர்கள் அவருடைய முன்பணத்திலிருந்து பழுதுக்கான தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். புரியாத தாளில் கையெழுத்திடாமல், இரு வண்டிகளையும் நம்பர் பலகை தெரியும்படி படம் பிடித்துக்கொண்டு போலீஸாரை அழைத்திருக்கலாம். ஒன்றியம் முழுவதும் அவசர உதவிக்கு 112 என்ற ஒரே எண்தான்.

நம் நாட்டிலிருந்து போகிறவர்களில் பெரும்பாலோர் இவ்விதம் வாடகை வண்டியே எடுக்கிறார்கள். இந்தியா பச்சைச் சீட்டு முறையில் சேரவில்லை. ஆகவே இந்திய நம்பர் பலகையோடு தரை வழியாகப் போகிற துணிச்சல்காரர், 'எல்லை இன்ஷூரன்ஸ்' என்ற குறுகிய காலப் பாலிஸியைத் தனியே வாங்க வேண்டும். வாடகை வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. மூன்றாம் தரப்புக் காப்பு அதனோடே வருகிறது. சொந்த ஊர் லைசென்ஸோடு, நம் நாட்டில் ஓராண்டுக்குக் கொடுக்கப்படும் சர்வதேச டிரைவிங் பெர்மிட்டையும் வைத்திருக்க வேண்டும். அதற்கு ஆதாரமான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையும் அதே ஜெனீவாவில், அதே 1949-ஆம் ஆண்டில் பிறந்ததுதான்.

வாடகை ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை நின்று படிக்க வேண்டும். முதலாவது, வண்டி எந்தெந்த நாடுகளுக்குள் போகலாம் என்பது. அனுமதியில்லாத நாட்டுக்குள் கொண்டுபோனால், சேதக் காப்பு முழுவதும் ரத்தாகிவிடுவது வழக்கம். இரண்டாவது, ஓட்ட அனுமதி பெற்றவர்களின் பெயர். பெயர் எழுதாத மைத்துனர் ஒரு மணி நேரம் ஓட்டினாலும் அதே கதிதான். மூன்றாவது, சேதத்தில் முதல் எவ்வளவு தொகையை நாம் ஏற்க வேண்டும் என்பது. அது ஆயிரம் யூரோவுக்கு மேலும் இருக்கக்கூடும். மேஜைக்கு அப்பால் நிற்பவர் 'எல்லாம் அடங்கியது' என்று சொல்லும்போது, டயரும், கண்ணாடியும், வண்டியின் அடிப்பாகமும் அதில் அடங்குமா என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத் தாளிலேயே எழுதித் தரும்படி கேட்க வேண்டும்.